செல்லம்மா அக்காவின் மாலை

அலுமாரியைத் திறந்தாலே காய்ந்த செவ்வந்தி மணக்கிறது. எறிந்துவிடச் சொல்லி வீட்டில் நச்சரிக்கிறார்கள். என்னால் முடியவில்லை. வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன்.

தேச விடுதலைக்குப் போராடிய அந்தப் பெரியவரின் பேரில் நம் நினைவு அறக்கட்டளையை நீ நடத்திய காலமெல்லாம் ஒரு வழக்கத்தை விடவேயில்லை. அவர் பிறந்தநாளில் படத்துக்கு முதல் மாலை ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் கையால்தான். ஆளைத் தேடிப்போய்க் கடிதம் கொடுத்து, மாலையையும் அவரையே கட்டிவரச் சொல்வோம். மந்திரியானாலும் கதிரையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.

செயலாளரான நான் ஒருமுறையாவது போடக்கூடாதா என்று கேட்டேன். அப்போது நாம் வந்த பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. நீ சிரித்தாய்.

"நாம போட்டா நம்ம விழாவாயிரும்டா. பேசாம கதிரைய அடுக்கு."

அந்தச் சிரிப்பை, நீ ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோதுகூட நான் மன்னிக்கவில்லை.

இந்த ஆண்டு பன்வில தோட்டத்துச் செல்லம்மா அக்காவுக்குக் கடிதம் கொடுத்திருந்தேன். விழாவுக்கு முதல்நாள், உன் இடத்துக்கு வந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"சேர், மொத மாலை மந்திரிதான்."

"கடிதம் குடுத்தாச்சே."

"அந்தம்மா பின்னால உக்காரட்டும். ரெண்டாவது மாலை நீங்க போடுங்க. எத்தன வருஷமா ஒழைக்கிறீங்க!"

எதற்கெல்லாமோ சண்டை பிடித்தவன் நான். அன்று வாயை மூடிக்கொண்டேன். அக்காவுக்கும் சொல்லி அனுப்பவில்லை.

மந்திரிக்குப் பின்னால் போய், கடையில் வாங்கிய ரோஜா மாலையைப் போட்டேன். படம் பிடித்தார்கள். மேடையை விட்டு இறங்கினால், கடைசி வரிசையில் செல்லம்மா அக்கா. மடியில் சொப்பிங் பை, கையில் என் கடிதம்.

"பிந்திட்டேனாங்கய்யா? மொத பஸ்ஸுலதான் வந்தேன்."

"ஆமாக்கா, கொஞ்சம் பிந்திருச்சு" என்றேன்.

அவர் பையை என்னிடம் நீட்டினார். "வாசல்ல பூத்த செவ்வந்தி. எல்லாரும் போனப்புறம் நீங்களே போட்டுருங்க."

உன் இடத்துக்கு வந்தவர்மேல் ஆத்திரம். மந்திரிமேல் ஆத்திரம். பாதியில் போய்விட்ட உன்மேலும்தான். ஆனால் பிந்திவிட்டதாகச் சொன்னது என் வாய்.

மண்டபத்துச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு முறை மாலையோடு படத்தின் முன்னால் போய் நின்றேன். நீ சிரிப்பது கேட்டது. திரும்பக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்துவிட்டேன்.