மிச்சமில்லாமல் திரும்பிய தட்டு

தோஸ்து,

ராயபுரம் மாதா கோயில் பக்கமிருந்து மரக்கட்டை தட்டும் சத்தம் வருகிறது. இன்று பெரிய வெள்ளி, உங்கள் கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள், அதற்குப் பதில் இந்தக் கட்டைதான். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். நீ இல்லாமல் வருகிற முதல் பெரிய வெள்ளி இது. சரி, உன்னோடு பேசலாம் என்று உட்கார்ந்தேன். நீ இருந்தபோதும் நான்தானே பேசிக்கொண்டிருந்தேன்!

துறைமுகத்தில் நீ கிரேன் மேலே, நான் கப்பல் தளத்தில். என் கை சொல்வதை உன் கிரேன் கேட்கும். கையை மூடினால் நிற்கும். பகல் முழுக்க நமக்குள் ஒரு வார்த்தை கிடையாது. சாப்பாட்டு வேளையில்தான் நீ வாய் திறப்பாய், அதுவும் அந்தப் பாலைவனச் சாமியார்களைப் பற்றி. ஏசுவை நினைத்துக்கொண்டு அந்தக் காலத்திலேயே எகிப்து மணலுக்குள் போய்த் தனியாகக் கிடந்தவர்கள். ஓலைக் கூடை முடைந்துகொண்டே ஜெபிப்பார்களாம், ஒருவரையும் குறை சொல்ல மாட்டார்களாம். எண்ணூரில் இல்லாத மணலா, போய் உட்கார வேண்டியதுதானே என்று உன்னைச் சீண்டுவேன்.

"எனக்கு கிரேனு பொட்டியே குகை, பாய். மேல யாரும் இல்ல, கையில வேல கீது. வேற இன்னா வோணும்?" என்பாய்.

அது வெறும் பேச்சில்லை என்று ஆஸ்பத்திரியில் தெரிந்தது. வெள்ளைக்காரன் கப்பலேறிய சமயம் அது. என் பெண்சாதிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதற்கு வலி எடுத்து அவள் உள்ளே போனபோது, ஆளாளுக்கு ஆறுதல் சொல்லி என் உயிரை வாங்கினார்கள். நீ மட்டும் வேலை முடிந்து வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாய். ஒன்றும் பேசவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. மகள் பிறந்து அழுத சத்தம் கேட்டபோது உன் தோளைத்தான் பிடித்துக்கொண்டேன்.

ஏழாம் நாள், பிள்ளை பிறந்தால் எங்களில் செய்கிற வழக்கப்படி, ஆடு அறுத்து அகீகா கொடுத்தோம். இந்தப் பிள்ளையாவது நிலைக்குமா என்ற பயம் என் பெண்சாதியை விடவில்லை. முதல் தட்டு பிரியாணி உனக்கு என்று நேர்ந்துகொண்டிருந்தாள். ஒரு பருக்கை மிஞ்சாமல் தட்டு திரும்பினால்தான் தன் மனசு ஆறும் என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள். பிள்ளையின் நாளை எண்ணிய நாங்கள் ஊரில் என்ன நாள் என்று பார்க்க மறந்துவிட்டோம்.

உன் வீடு அன்று ஓசையில்லாமல் இருந்தது. உன் பெண்சாதி, நான் தங்கச்சி என்று கூப்பிடுவேனே, கஞ்சிச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தது. நான் பாட்டுக்குத் தட்டைத் திறந்து, பெண்சாதி சொன்னதை அப்படியே உன்னிடம் ஒப்பித்தேன். தங்கச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தது. நீ கையை மூடிக் காட்டினாய், தினமும் நான் உனக்குக் காட்டும் அதே சைகை. பிறகு தரையில் உட்கார்ந்து, சிலுவை போட்டுக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டாய். தட்டைக் கழுவி என் கையில் கொடுத்து, பாப்பா நல்லா இருக்கும் போ என்றாய்.

தெரு முனைக்கு வந்தபோது இந்தக் கட்டைச் சத்தம் கேட்டது. அன்று பெரிய வெள்ளி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தவக்காலம் முழுக்கக் கஞ்சி குடித்துக் கிடந்த மனுஷனுக்கு, அவனுடைய பெரிய துக்க நாளில் கறிச்சோறு கொண்டுபோய் வைத்திருக்கிறேன்!

நெய் வாசனை தெருவுக்கே சொல்லிவிட்டது. பெரிய வெள்ளியில் கறி தின்றவன் என்று உன் ஆட்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த வருஷத் திருவிழாவில் சப்பரம் தூக்க உன்னைக் கூப்பிடவில்லை. வருஷா வருஷம் தூக்கிய தோள் அது. நீ காரணம் சொல்லவே இல்லை. நானே கோயிலுக்கு வந்து எல்லாரிடமும் சொல்கிறேன் என்று குதித்தேன்.

"நோன்பு மறுநாளு கூட புடிக்கலாம் பாய், உன் வூட்டு சந்தோசம் அன்னிக்கு தான வந்துச்சு? நான் காரணம் சொன்னா அந்தச் சோறு தப்பாப் பூடும். வுட்ரு" என்றாய்.

அந்தச் சாமியார்களும் விருந்தாளி வந்தால் நோன்பை ஒதுக்கிவைத்துவிட்டு அடுப்பு மூட்டுவார்களாம். இத்தனை கதை சொன்ன நீ இதை மட்டும் சொல்லவில்லை. உன் அடக்கத்தன்று தங்கச்சிதான் சொன்னது.

ஊர் இப்போது இன்னும் இரைச்சல். தான் நல்லவன் என்று நாலு பேருக்குக் காட்ட எல்லாருக்கும் அவசரம். எனக்கும் நாக்கு துறுதுறுக்கும். உடனே கையை மூடிக்கொள்வேன், பாதி நேரமாவது வாய் நின்றுவிடுகிறது. உயிரோடு இருந்தபோது உனக்கு நன்றி சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது சொல்கிறேன். என் வீட்டுப் பயத்தை நீதான் தின்று தீர்த்தாய்.

இன்று எங்கள் அடுப்பிலும் கஞ்சிதான். நீ போனதிலிருந்து தங்கச்சி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டு, பெண்சாதி தூக்குச்சட்டி நிறைய ஊற்றி மகளிடம் கொடுத்தனுப்பினாள். பள்ளிக்கூடம் போகிற பெண் இப்போது, உன் பாப்பா. இதோ திரும்பி வந்துவிட்டாள். என் முன்னால் நின்று சட்டியைக் கவிழ்த்துக் காட்டுகிறாள்.

"அத்தா, மாமி கொஞ்சங்கூட மிச்சம் வெக்கல."