தெரியாமல் செய்துவிட்டாள்

ஈஜிபுரா, பெங்களூரு

அன்பு மகள் ரூபினிக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுவது. நம் தெருவை மறுபடி தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. போனில் நீ என்னிடம் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்வதால்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் வீணா வந்திருந்தாள், நீ லைப்ரரியில் வேலை பார்த்த காலேஜில் நர்சிங் படித்தவள். யாராலும் வாங்க முடியாத விலையில் இருந்த பாடப்புத்தகங்களை நீ இன்டர்நெட்டில் எல்லாருக்கும் திறந்துவிட்டாயே, அதைப் படித்துத்தான் பாஸ் பண்ணினாளாம். அக்கா தெரியாம பண்ணிட்டாங்கன்னு காலேஜ்ல சொல்றாங்களே, நெஜமா அங்கிள் என்று கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே புரியவில்லை.

பப்ளிஷரின் நோட்டீஸ் வந்து, போலீசுக்குப் போவோம் என்று பிரின்சிபால் மிரட்டிய அன்று, கேஸ் நடக்கட்டும் என்றாய் நீ. நான் உன்னிடம் சொல்லாமல் அவரிடம் போய், கொத்தில்தே மாட்பிட்டிதாளெ சார் என்று கன்னடத்தில் கெஞ்சிக் கையைக் கட்டி நின்றேன், தெரியாமல் செய்துவிட்டாள் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். முப்பது வருஷ கண்டக்டர் வேலையில் டிக்கெட் எடுக்காதவர்கள் எல்லாரும் என்னிடம் சொன்னது அதுதான், தெரியாம ஏறிட்டேன் சார் என்பார்கள், நானும் அபராதம் போடாமல் இறக்கிவிடுவேன். நீ அப்படி ஏறியவள் இல்லை. புத்தகங்களைப் போட்ட இடத்தின் முதல் பக்கத்திலேயே உன் பெயரைப் போட்டு, சட்டத்தை மீறுகிறேன் என்று தெரிந்தே செய்கிறேன், சட்டத்தை மாற்றுங்கள் என்று எழுதியிருந்தாய். அதற்காக நீ அரசாங்கத்துக்குக் கொடுத்த மனுவையும் என் கடிதத்தைக் காட்டியே மூடிவிட்டார்கள். நீ செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான், புத்தகம் எழுதியவனுக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் உன்னை ஒன்றும் தெரியாதவளாக ஆக்கினேனே, அது என் தப்பு, மன்னித்துவிடு கண்ணு.

அவள் தெரிந்தேதான் செய்தாள், முந்தைய கடிதம் அவளைக் கேட்காமல் நான் எழுதியது என்று பிரின்சிபாலுக்கு இன்னொன்று எழுதி வைத்திருக்கிறேன். இதனால் கேஸ் திரும்பக் கிளம்பலாம் என்கிறார் வக்கீல், அம்மா வேண்டாம் என்று அழுகிறாள்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பதில் சொல்ல மறந்துவிடாதே, போன தடவை உன்னைக் கேட்காமல் கொடுத்தேன், பிரின்சிபாலுக்கு எழுதிய இந்த இரண்டாவது கடிதத்தை நீ சொல்லாமல் தபாலில் சேர்க்க மாட்டேன்.

உன் அப்பா,
நாராயணசாமி