தரையில் பதித்தது யாருக்கு

ஜூன் 9, திங்கள்

சாரல். எங்கள் மாவு மில்லுக்கு உள்ளேயும் சாரல். கூரை ஷீட் ஒழுகுது. மாவு மூட்டைக்குத் தார்ப்பாய், ஓட்டைக்கு நேர் கீழே வாளி. பள்ளிக்கூடம் விட்டு நேரே இங்கே. இன்று மிளகாய் அரைப்பு. தும்மலைக் கணக்கு வைக்கவில்லை.

கட்டடக்கார அண்ணாச்சி புது வாடகைப் பத்திரம் கொடுத்தனுப்பியிருக்கிறார். பதினோரு மாதத்துக்கு ஒன்று. முழு வருடம் தாண்டினால் ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு அலையணுமாம். அதனால் எங்கள் சங்கரன்கோவில் கடைகளுக்கு வருடம் என்றால் பதினோரு மாதம்தான். பிளஸ் ஒன்னையும் அப்படி முடித்துவிட்டால் தேவலை.

அம்மா கையெல்லாம் மிளகாய்ப் பொடி. "ஏட்டி, நீ வாசி. நான் கேக்கேன்."

வாசித்தேன். நடுநடுவே என் சொந்தச் சரக்கும். "வாடகைக்காரர் தும்மும் சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாது."

"அது எப்படிட்டி முடியும்?"

"வெள்ளிதோறும் உரிமையாளருக்கு ஒரு கிலோ இட்லிப் பொடி இலவசம்."

"ஒரு சிட்டிகைகூடக் குடுக்க மாட்டேன்!" அம்மா போட்ட சத்தத்தில் சிரித்து, நானே மாட்டிக்கொண்டேன். முதுகில் ஒன்று விழுந்தது. யூனிஃபார்மில் சிவப்பாக ஐந்து விரல்.

அடுத்தது ஒன்பதாவது வரி. "தரையிலும் சுவரிலும் நிலையாகப் பதிக்கப்பட்டவை யாவும், காலி செய்யும்போது உரிமையாளரையே சேரும்."

நாக்கு நின்றுவிட்டது. எங்கள் மிஷின் காங்கிரீட்டில் போல்ட் போட்டு நிற்கிறது. அம்மாவின் வளையல்கள்தான் அந்த மிஷின்.

"அம்மா, இது நெசம்."

"ஏட்டி, போ. தும்மலையும் இப்படித்தான் மூஞ்சிய வச்சிக்கிட்டு வாசிச்ச."

கையைக் கழுவினாள். கையெழுத்தைப் போட்டாள். சிரித்துக்கொண்டே. ஐயோ.

ஜூன் 10, செவ்வாய்

இரவுச் சாப்பாடு. சோற்றின் மேல் கை வைத்து, அந்த வரி நிஜம் என்று சத்தியம் பண்ணினேன். அம்மா சோற்றில் விளையாட விடமாட்டாள், நானும் விளையாடியதில்லை. அதனால் நம்பினாள். கண்ணாடியை மாட்டி வாசித்தாள். திரும்ப வாசித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் எழவில்லை.

பீரோவிலிருந்து பழைய பத்திரங்கள். எல்லாவற்றிலும் அதே ஒன்பதாவது வரி. இத்தனை வருடமும் மிஷினை எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறோம்! யாரும் வாசிக்கவே இல்லை.

ஒரே நல்ல சேதி: புதுப் பத்திரத்தில் அண்ணாச்சி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வியாழக்கிழமை வருகிறாராம்.

நாளை கெமிஸ்ட்ரி டெஸ்ட். படிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

காற்று, சாரல். டெஸ்ட் பற்றி எழுதுவதாக இல்லை.

அண்ணாச்சி வந்தார். அம்மா ஒன்பதாவது வரியைக் காட்டினாள்.

"அது முன்னால இங்கன இருந்த துணிக்கடைக்கு எழுதுனது தாயி. கண்ணாடி அலமாரியப் பேத்துட்டுப் போயிரக் கூடாதுல்லா? பேரையும் தேதியையும் மட்டும் மாத்திக்கிட்டே வாரோம்."

"அப்போ அந்த வரிய அடிச்சிருங்க அண்ணாச்சி."

"கெடந்துட்டுப் போட்டும். யாரு கேக்கப் போறா?" சொல்லிக்கொண்டே மிஷினைத் தடவினார். சொந்த மாட்டைத் தடவுவது போல. "மோட்டாரு புதுசோ?"

நான் மோட்டார் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. "இருந்தா யாரும் கேக்க மாட்டாங்கன்னா, இல்லன்னாலும் யாரும் கேக்க மாட்டாங்கல்லா? அடிங்க. இல்லன்னா நான் போட்ட கையெழுத்தக் கிழிக்கேன். போல்ட்ட இப்பவே கழட்டுதேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஸ்பேனரை எடுத்து மேசை மேல் வைத்தாள். அம்மாவா இது!

அண்ணாச்சி ஸ்பேனரைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். அடித்தார். ஓரத்தில் அவர் கையெழுத்து, அம்மா கையெழுத்து. நான் விட்ட மூச்சு தும்மலாக வந்தது.

கிளம்பப் போனவரை அம்மா உட்கார வைத்தாள். "ஏட்டி, மீதியையும் வாசி. உள்ளத மட்டும்."

பத்தாவது, மின் கட்டணம். பதினோராவது: "கூரை ஒழுகினால், உரிமையாளர் தம் சொந்தச் செலவில் உடனே சரிசெய்து தர வேண்டும்."

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

"ஏட்டி, எங்கிட்டயே விளையாடுதியா?" என்றார் அண்ணாச்சி.

பத்திரத்தை அவர் பக்கம் திருப்பினேன். அண்ணாச்சி சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார்.