மூவாயிரத்து ஐநூற்று ஒன்று

2026 மார்ச் 3, செவ்வாய், காலை 7:42

வெஸ்ட் வின்ட்சர். அமெரிக்காவில் ஆறாவது வருடம். க்ரீன் கார்டு விண்ணப்பம் ஒன்று. அது நகர வேண்டுமானால் கையெழுத்துப் போட வேண்டியவரும் ஒருவர்தான்: என் முதலாளி பசுபதி சார். ஹெட்ஜ் ஃபண்ட் நடத்துகிறார். அதாவது, பெரும் பணக்காரர்களின் பணத்தைப் பந்தயம் கட்டி அவர்களை இன்னும் பெரும் பணக்காரர்களாக்குகிறார். அந்தப் பந்தயத்துக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிற மேதாவி நான்.

நேற்று கூப்பிட்டார். "அகிலன், நம்ம தொகுதி கேண்டிடேட்டுக்கு என் வீட்ல டின்னர். டொனேஷன் ஃபார்ம் நீ பண்ணிடு. நாலு கிளிக்ல முடியணும்."

எச்-1பி வேலை விசாக்காரன் தேர்தலுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. ஓட்டும் கிடையாது. ஜனநாயகத்தில் என் பங்கு: ஒரு நீலப் பொத்தான்.

ஆளுக்கு மூவாயிரத்து ஐநூறு என்றார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "மொட்டையா ஐநூறுன்னு போடாதப்பா. நல்ல காரியம். ஒண்ணு சேத்துக்கோ."

மொய்க் கணக்கு. சேர்த்தேன். 3,501.

மார்ச் 7

வேட்பாளரின் இணையதளத்தைத் தினமும் இறக்கி, முந்தைய நாளோடு ஒப்பிட ஒரு நிரல் எழுதினேன். எதற்கு? சனிக்கிழமை. நண்பர்கள் இல்லை. அதற்குத்தான்.

மார்ச் 14, சனி

டின்னர். முப்பத்தெட்டுப் பேர். வேட்பாளர் "வணக்கம்" என்றார், கூரை பறக்கிற அளவுக்குக் கைதட்டல். பசுபதி சார் அவர் தோளில் கைபோட்டுத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனார். பன்னிரண்டு நிமிடம்.

கூட்டத்தில் பட்டுப்புடவையில் சாரதா ஆன்ட்டி! நான் அவர் வீட்டு பேஸ்மென்ட்டில்தான் குடியிருக்கிறேன். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். சிட்டிசன் ஆகி நாலு மாதம்.

"ஆன்ட்டி, நீங்களா? மூவாயிரத்தைந்நூறா?"

"ஒண்ணு. அத விட்டுட்ட. பேசாம சாப்பிடு."

மார்ச் 17

இணையதளத்தில் ஒரு வரி காணோம். 'ஹெட்ஜ் ஃபண்ட் முதலாளிகளும் சம்பளக்காரர்களைப் போல வரி கட்ட வேண்டும்.' நேற்றுவரை இருந்தது. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு வரி. ஆபீசில் என் நிரலில் ஒரு வரியை மாற்ற மூன்று மீட்டிங் வேண்டும்.

மார்ச் 26, வியாழன்

சட்டப்படி ஒரு தேர்தலுக்கு ஒருவர் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு 3,500. முப்பத்தெட்டுப் பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரு டாலர் தாண்டியிருக்கிறார்கள். தசமத்துக்குப் பின் பதினாறாவது இடத்துக்காகச் சண்டை போடுகிறவன், ஒரே ஒரு எண்ணைத் தேடிப் படிக்கவில்லை. பிரசாரக் குழு ஆளுக்கு ஒரு டாலர் செக் திருப்பி அனுப்பிவிட்டது. கூடவே கடிதம்: இது உங்கள் சொந்தப் பணம்தான் என்று கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

ஆன்ட்டி செக்கோடு கீழே இறங்கி வந்தார். "சொந்தப் பணமான்னு கேக்கறாங்களே அகிலா. பசுபதி சார்தான என் அக்கவுண்ட்ல போட்டாரு. பேரு மட்டும் போதும்னாரு. கோயில்ல அர்ச்சனைக்குப் பேரு குடுக்கற மாதிரின்னு நெனச்சேன்."

சாருடைய சொந்த உச்சவரம்பு முன்பே தீர்ந்திருக்கிறது. அடுத்தவர் பேரில் தன் பணம். இது குற்றம். ஃபார்ம் என்னுடையது.

மார்ச் 27

சாரிடம் நேராகவே கேட்டேன். "முப்பத்தெட்டுல எத்தன பேர் சொந்தப் பணம் சார்?"

சிரித்தார். "மொய் எழுதறப்ப நோட்டு யார் பாக்கெட்லேர்ந்து வந்துதுன்னு கேப்பியா? எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிடு. உன் க்ரீன் கார்டு ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. அடுத்த வாரம் பாத்துடலாம்."

நான் சொன்ன வீர வசனம்: "சரி சார்."

மார்ச் 28

சரி சாராம். த்தூ.

ஏப்ரல் 4

கடிதமும் பேனாவுமாக மாடிக்குப் போனேன். ஆன்ட்டி படிக்கக்கூட இல்லை. கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "எங்க போடணும்? நீ சொன்னா போட்டுடறேன்ப்பா. சிட்டிசன்ஷிப்புக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றார்.

ஆகும். பொய்க் கையெழுத்து போட்டால் கட்டாயம் ஆகும். என்ன செய்றேன் நான்? ஒரு ஃபைல் நகரணும்னு இவங்க தலைய அடமானம் வெக்கறேனா?

"போடாதீங்க ஆன்ட்டி."

"அப்ப உன் கார்டு?"

என் கார்டு இந்தக் கையெழுத்தில் தொங்குவது தெரிந்தேதான் 'எங்க போடணும்' என்று கேட்டிருக்கிறார்.

2026 ஏப்ரல் 10, வெள்ளி, காலை 9:05

மீதி அறுபது நாள். ஆபீஸ் கதவு என் அட்டையைப் பார்த்துச் சிவப்பு விளக்குக் காட்டியது. வேலை போனால் விசாக்காரனுக்குக் கொடுக்கிற கெடு அவ்வளவுதான். புதன்கிழமை ஆன்ட்டியும் நானும் வக்கீலிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். வியாழக்கிழமை சாரிடம், கையெழுத்து வாங்க மாட்டேன் என்றேன். இந்த முறை 'சார்' சேர்க்கவில்லை.

இனி செய்ய வேண்டியவை:

1. சாரின் வாட்ஸ்அப் செய்திகள் முழுவதையும் வக்கீலுக்கு அனுப்புவது. 'சூப்பர் சார்' என்று நான் போட்ட பதினொரு பதில்கள் உட்பட.
2. வேலை தேடுவது. மில்பிடாஸ், டெக்சாஸ், எங்கானாலும். முதலாளி தமிழரா என்று பார்த்து மகிழாமல்.
3. அம்மாவிடம் உண்மையைச் சொல்வது. நாளைக்கு. இல்லை, இன்றைக்கு.
4. ஃபிரிட்ஜில் ஆன்ட்டி ஒட்டி வைத்திருக்கும் ஒரு டாலர் செக்கை எடுத்து வக்கீலிடம் சேர்ப்பது.
5. ஜூன் 2: முதற்கட்டத் தேர்தல், ஆன்ட்டியின் முதல் ஓட்டு. எனக்கு அன்று மீதி ஏழு நாள். காரில் கூட்டிப்போய் வெளியே நிற்பது. யாருக்குப் போட்டார் என்று கேட்கக் கூடாது.