சூப் ஸ்டிக்கும் உப்புக்கண்டமும்

ஏப்ரல் 9, வியாழன்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. உப்புக்கண்டத்துக்கு நல்லது. அரைக் கிலோ ஆட்டுக்கறி, மெல்லிய பட்டைகளாக. உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள். ஊசிநூலில் கோத்து மொட்டைமாடிக் கொடியில் கட்டியாயிற்று.

ஞாயிறு ஷபானாவுக்குப் பிறந்தநாள். சென்னையிலிருந்து போனில் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். ரொட்டிக் குச்சிகளை விறகு மாதிரி அடுக்கி, மேலே உலர்ந்த கறியால் நெருப்பு. "இதே மாதிரி வேணும்மா. செல்வி அத்தையையும் கூப்புடு." என் பெண்ணுக்கு வேறு வேலை இல்லை.

செல்வி பக்கத்து வீடு. மாடி பொது. போன கார்த்திகையில் அவள் விரதமிருந்த நேரம் பார்த்துக் கறி காயவைத்தேன். வந்து கேட்டாள். "உன் மூக்க மூடிக்கோ" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. தப்பு என்னுடையதுதான். இங்கே எழுத முடிகிறது, நேரில் வாய் வரவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

வாங்க: சூப் ஸ்டிக் (ரொட்டிக் குச்சி) 4 பாக்., உ.கிழங்கு 1 கி., புதினா. தைக்க: ஜாக்கெட் 2.

பேக்கரிக்காரர்: "எவ்ளோ சூப் வெக்கப் போறீங்கக்கா?" சூப்பே இல்லை என்றேன். முழித்தார்.

மாலை மாடியில் செல்வி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிடப் போய், இருமிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். கடைசியில் என் வீட்டுக்காரரை அனுப்பினேன். "பாக்கலாம்னு சொன்னாங்க." முகம் எப்படி இருந்தது? கவனிக்கவில்லையாம். இவரை அனுப்பியதற்குக் கடிதாசி போட்டிருக்கலாம்.

ஏப்ரல் 11, சனி

ஒத்திகை. குச்சிகள் நிற்கவில்லை. ஏழு உடைந்தன. உருளைக்கிழங்கை மசித்துக் குவித்து அதில் குத்தினால் நிற்கிறது. கறியைப் பொரித்து, சூடு ஆறுவதற்குள் முறுக்க வேண்டும். இரண்டு விரலில் கொப்புளம். ஷபானா மதிய பஸ்ஸில் வந்தாள். இளைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

கிழங்குக் குவியல் வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி. புதினாச் சட்னியை மேலே பூசினேன். சுற்றிலும் குச்சிகள். இருப்பதிலேயே நீளமான, சிவந்த துண்டு உச்சியில். எனக்கே பெருமையாக இருந்தது.

ஷபானாவின் தோழிகள் நாலு பேர். பிறகு செல்வி, புதுச் சேலையில். மேஜை முன்னால் வந்து அப்படியே நின்றுவிட்டாள். அவள் பார்த்த பார்வையில்தான் எனக்கும் தெரிந்தது. எங்கள் ஊர் மலையேதான்: பச்சை மலை, உச்சியில் கார்த்திகை தீபம். அதுவும் ஆட்டுக்கறியில். பிறந்ததிலிருந்து இந்த ஊர், என் கண் எங்கே போயிற்று?

"செல்வி, சத்தியமா சொல்றேன், இது விறகு நெருப்பு..."

"வாய மூடு நசீமா."

எட்டி உச்சித் துண்டைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். தோழிகளைப் பார்த்து, "இப்ப இது வெறும் கெழங்கு. எடுத்துக்கோங்கம்மா."

பக்கத்தில் போய் நின்றேன். "அன்னிக்கி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்புதான்."

மென்றுகொண்டே இருந்தாள்.

"உப்பு கம்மி. இன்னொன்னு குடு."