சிவப்பு மையில் என் பெயர்

நவம்பர் 8, வெள்ளி

பின்னேரம் முழுவதும் தேயிலைத் தோட்டத்தின் பழைய பிறப்புப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். இங்கிருந்து இந்தியாவுக்குப் போய்விட்டவர்களின் பிள்ளைகள் தங்கள் ஆட்களைத் தேடுகிறார்கள் என்று, கொட்டகலையில் நாலைந்து பேர் சம்பளமில்லாமல் செய்கிற வேலை இது. செத்துப்போன பிள்ளைகளுக்கு நேரே சிவப்பு மையில் குறித்திருப்பார்கள்.

இன்று என் பெயர் வந்தது. ராமையா மகள் சரோஜா. பிறந்த தேதியும் லயத்து வீட்டு இலக்கமும் என்னுடையவையே. பக்கத்தில் சிவப்பு மை: நாலு மாதம், காய்ச்சல்.

எவனோ தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கிறான் என்று எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

"அது ஒனக்கு மூத்தவ. நீ அடுத்த வருசம் பொறந்த. அவ பொறப்பு சர்டிபிகேட் வீட்டுல கெடந்துச்சு. மறுபடி பதியப் போனா ஒரு நா வேல போயிரும்னு ஒங்கப்பா அந்தப் பேரயே ஒனக்கு வச்சுட்டாரு. அப்பல்லாம் நெறயப் பேரு அப்புடித்தான்."

"அப்ப நான் பொறந்த தேதி?"

"மழ நாளு. யாரு குறிச்சு வச்சா?"

போன மாதம் பிள்ளைகள் எனக்குக் கேக் வெட்டினார்கள். அது அவளுடைய பிறந்தநாள். பள்ளிக்கூடம், அடையாள அட்டை, கல்யாணம் எல்லாமே அவள் பெயரில்தான். அவளுக்கென்று மிஞ்சியது அந்தச் சிவப்பு வரி ஒன்றுதான்.

யாரோ செய்த பிழையென்று, பின்னேரம் அதையும் கணினியில் பதியாமல் எழுந்து வந்துவிட்டேன்.