கிட்டார் போன பிறகு

கண்ணு,

அப்பாவின் பேஸ் கிட்டாரை இன்று கொடுத்துவிட்டோம். உன் கல்லூரிக் கட்டணத்துக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பழைய கிட்டார்களைச் சேகரிக்கும் ஒருவர் கோவையிலிருந்து வந்திருந்தார். எழுபதுகளில் ஜப்பானில் செய்ததாம். பெயிண்ட் உரிந்த இடத்தை நான் துடைக்கப் போனேன். "தொடைக்காதீங்க, அந்தத் தேய்மானத்துக்குத்தானுங்க மதிப்பே" என்றார். எங்கள் கம்பெனியில் துளி கறை இருந்தாலும் பனியனை ஒதுக்கிவிடுவோம்.

பிறகு, தான் கொண்டுவந்த சின்ன ஆம்ப்ளிஃபையரில் ஒயரைச் செருகிவிட்டு, "ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க, சத்தம் கேக்கோணும்" என்றார். அப்பாவுக்குப் பக்கவாதம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், அப்பா கட்டிலிலிருந்து இடது கையை நீட்டிவிட்டார். கிட்டாரை அவர் மடியில் வைத்தேன். விரல்கள் தாமாகவே இடம் தேடிக் கம்பியை அழுத்தின. வலது கை அசையவில்லை. என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, பனியன் மடிக்கிற கை இதுக்கு ஆவாது" என்று கேலி செய்து, முன்பெல்லாம் என்னை அதைத் தொடவே விடமாட்டாரே.

நான் மீட்டினேன். அவர் விரலை நகர்த்தினார், மறுபடி மீட்டினேன். நாலைந்து சுரம் வந்திருக்கும். வந்தவர், "போதுங்க, நல்லாருக்குது" என்று கிட்டார் பெட்டியைத் திறந்தார்.

அவர் போய் வெகுநேரமாகிவிட்டது. அப்பா இன்னும் போர்வையின் மேல் விரல்களை அழுத்தி வைத்துக்கொண்டு என் கையையே பார்க்கிறார். மீட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, கண்ணு.

உன்
அம்மா